நாலு பேருக்கு நாலு பாட்டு: வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: சிங்கப்பூர், செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அப்பாவுக்கு 79 வயது, காதுக்கருவி போட்டிருக்கிறார். காலையிலிருந்து அவருக்கு ஒலி 96.8 தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மனைவி சமைக்கும்போது பழைய சினிமாப் பாட்டு கேட்பார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளுக்குக் கொரியப் பாட்டு. நான் இரவில் கர்நாடக சங்கீதம் கேட்பவன். என்னிடம் இருபது வருடப் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருக்கின்றன. கடைக்காரர் ஒரே பிராண்டில் அறைக்கு ஒன்றாக நாலு வைஃபை ஸ்பீக்கர் எடுக்கச் சொல்கிறார். மொத்தம் 1,600 வெள்ளி. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வீடு முழுக்க ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலிக்கும் வசதிக்குத்தான் அந்த விலை. உங்கள் வீட்டில் நாலு பேரும் நாலு விதமாகக் கேட்கிறீர்கள். தீபாவளிக் காலையில் ஒரு நாள் வீடெங்கும் நாதஸ்வரம் கேட்பதற்காக அவ்வளவு பணம் போட வேண்டாம்.

முதலில் அப்பாவைப் பார்ப்போம். அவருக்கு ஸ்ட்ரீமிங்கே, அதாவது இணையத்திலிருந்து பாட்டு எடுப்பதே, தேவையில்லை. ஒலி 96.8 பண்பலையில் வருகிறது, திருகினால் பாடும் ஒரு நல்ல எஃப்எம் ரேடியோ போதும். செயலியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, ஸ்பீக்கரைத் தேடி இணைப்பது அவருக்குத் தினமும் ஒரு தொல்லை. நீங்கள் வேலைக்குப் போன பிறகு அது இணையாமல் நின்றுவிட்டால் அன்று முழுக்க அவர் பாட்டில்லாமல் உட்கார்ந்திருப்பார். என் அம்மாவின் ரேடியோவில் 96.8 வரும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். கண்ணாடி போடாமலேயே முள்ளை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ரேடியோவை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வையுங்கள். தூரத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவதைவிட இது காதுக்கருவி போட்டவருக்கு எவ்வளவோ தெளிவாகக் கேட்கும். பேஸ் (அடித்தொனி) அதிகமாக அதிரும் பெட்டி வேண்டாம், அறிவிப்பாளரின் பேச்சை அது அமுக்கிவிடும். டிஏபி (டிஜிட்டல் ஒலிபரப்பு) ரேடியோ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஒலிபரப்பு சிங்கப்பூரில் 2011-லேயே நின்றுபோனது.

அடுத்து உங்கள் ஆம்ப்ளிஃபயர். தயவுசெய்து அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்ட்ரீமர் என்று உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி கிடைக்கிறது. வீம் என்ற பிராண்டில் 200 முதல் 300 வெள்ளிக்குள் நல்லதாகவே வாங்கலாம். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சொருகி வைஃபையில் இணைத்துவிட்டால் பழைய ஸ்பீக்கரிலேயே எல்லாம் பாடும். புளூடூத் போதாதா என்று கேட்பீர்கள். புளூடூத்தில் பாட்டு உங்கள் போன் வழியாகப் போகிறது. ஆலாபனை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் யாராவது அழைத்தால் ராகம் அறுந்துபோகும், வாட்ஸ்அப் மணியும் ஸ்பீக்கரிலேயே அடிக்கும். ஸ்பாட்டிஃபை கனெக்ட், குரோம்காஸ்ட் போன்றவற்றில் ஸ்ட்ரீமரே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். போன் வெறும் ரிமோட்தான். ஸ்பாட்டிஃபை போன்ற இணையப் பாட்டுச் சேவைக்குச் சந்தா கட்டுவதற்கு முன்னால், நீங்கள் அடிக்கடி கேட்கும் பத்துக் கச்சேரிகள் அந்தச் சேவையில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஒலித்தரத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

சமையலறைக்கு ஒரு சின்ன வைஃபை ஸ்பீக்கர் போதும். மேலே நிஜப் பொத்தான் உள்ளதாக எடுங்கள், மாவுக் கையோடு தொடுதிரையில் போராட முடியாது. மகளுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டாருக்கும் நிம்மதி.

சந்தாவைப் பற்றிக் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஸ்பாட்டிஃபையில் தனிநபர் சந்தா ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் பாடும். மகள் எம்ஆர்டி ரயிலில் அதே கணக்கில் பாட்டைத் தட்டியதும் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தது நின்றுவிடும். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒரே முகவரியில் இருக்கும் ஆறு பேர் வரை சேரும் குடும்பச் சந்தாவை எடுத்து, ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வைஃபை ரவுட்டரை வீட்டுக் காப்பறைக்குள் (அவசரகாலப் பாதுகாப்புக்கான தடித்த சுவர் அறை) வைத்திருந்தால் வெளியே எடுங்கள். அந்தக் கான்கிரீட் சுவரைத் தாண்டி வரும்போது சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி: பழைய பொருள் விற்கும் கரோசல் இணையத்தளத்தில் போஸ் சவுண்ட்டச் என்ற வைஃபை ஸ்பீக்கர் ஒன்று 90 வெள்ளிக்கு வந்திருக்கிறது. மேலே ஆறு பொத்தான் இருக்கிறதாம். அம்மாவுக்கு வாங்கித் தரலாமா?

பதில்: பெட்டி அருமையானது. ஒரு பொத்தானுக்கு ஒரு வானொலி என்று பதித்து வைக்கலாம், பெரியவர்களுக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2013-இல் வந்த இந்த வரிசைக்கான இணையச் சேவையை 2026-இல் நிறுத்தப்போவதாக போஸ் 2025-இல் அறிவித்துவிட்டது. அந்தப் பொத்தான்கள் நம்பியிருப்பது அந்தச் சேவையைத்தான். அதன் பிறகும் ஒயர் சொருகியும், புளூடூத் உள்ள மாடலானால் புளூடூத்திலும் பாட்டு கேட்கலாம். ஆரம்ப கால மாடல்களில் புளூடூத் கிடையாது. போனிலிருந்து பாட்டு அனுப்பத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் 90 வெள்ளி நியாயம்தான். பகலில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு வேண்டாம்.

எந்த வைஃபை ஸ்பீக்கர் வாங்கினாலும், "கம்பெனிக்காரர் சர்வரை மூடிவிட்டால் இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். ஒயர் சொருகும் துளை ஒன்று இருந்தால் பெட்டி வீணாகாது.

கேள்வி: வாங்கி நாலு மாதமான ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடுகிறது. கடைக்காரர், "பில்லில் பணம் திருப்பித் தரப்படாது என்று போட்டிருக்கிறதே" என்கிறார்.

பதில்: பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் உங்கள் பக்கம். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். அது முடியாதபோதுதான் விலைக்குறைப்போ பணமோ கேட்க முடியும். ஸ்பீக்கர் அணைவதைப் போனில் வீடியோ எடுத்து, பில்லோடு எழுத்தில் அனுப்புங்கள். அப்படியும் மசியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள்.