புகார் எண் என்ன?

போன இதழில் கேபிள், இன்டர்நெட், ஓடிடி தொல்லைகளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பாதிக் கடிதங்களில் யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்ற விவரமே இல்லை. நான் மன்னார்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். அதில் பல வருஷம், போன் பழுதைச் சொல்வதற்கான 198 என்ற எண்ணுக்கு வரும் புகார்களைப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. பதிவேட்டில் ஏறிய புகாருக்கு லைன்மேன் போயே ஆக வேண்டும். கடைத்தெருவில் பார்த்து வாய்வார்த்தையாகச் சொன்னது அன்று சாயந்திரமே மறந்துபோகும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் புகார் எண்ணைக் கேட்கிறேன்.

கேள்வி: அம்மா, நாங்கள் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில். ராத்திரி பேத்தி முகத்தைப் பார்ப்பதற்காகவே அவன் ஃபைபர் கனெக்‌ஷன் போட்டு, ஒரு வருஷத்துப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினான். பன்னிரண்டு நாளாக நெட் இல்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. போன் செய்தால் நாளைக்கு ஆள் வருவார் என்கிறார்கள். ஆள் வரவில்லை, ‘உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது’ என்று எஸ்எம்எஸ்தான் இரண்டு தடவை வந்தது. மகனோ விட்டுவிடுங்கள் என்கிறான்.

பதில்: விட வேண்டாம் அம்மா. பன்னிரண்டு ராத்திரி பேத்தியைப் பார்க்காமல் இருந்திருக்கிறீர்கள், அது சின்ன விஷயம் இல்லை.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு. அதன் பக்கத்தில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், வெளியிலிருந்து கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி உங்கள் பெட்டிக்கு வரவில்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ இழை அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். நம் பக்கத்தில் ரோடு போட மண் வெட்டும் இயந்திரம் வந்தாலே இது நடக்கிறது. தென்னை மரத்திலும் கரண்ட் கம்பத்திலும் கட்டிக்கொண்டு போன வயர், ஐப்பசிக் காற்றில் மட்டை விழுந்தாலே போய்விடும். ஆகவே பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. போனில் பேசுகிறவர் ‘ரீசெட் பட்டனை அழுத்துங்கள்’ என்றால் அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் அமைப்பு அழிந்துபோனால், இழையை ஒட்டிய பிறகும் நெட் வராது. ‘எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது, ஃபைபர் கட்’ என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். விளக்கு எரிவதைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது அந்த எஸ்எம்எஸ். என் வீட்டிலும் இதே கதை நடந்தது. நான் இப்போது இருப்பது கும்பகோணத்தில். போன வருஷம் மழைக்காலத்தில் ஒன்பது நாள் நெட் இல்லை. யாரும் படியேறி வராமலே மூன்று முறை புகாரை மூடினார்கள். ஒவ்வொரு முறையும் அதே நாளில் போன் போட்டு, ‘சரியாகவில்லை, மறுபடி திறங்கள்’ என்று சொல்லி, புது எண், நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். பிறகு அந்தத் தாளை வைத்தே மேல்முறையீடு எழுதினேன். ஒன்பது நாள் கட்டணத்தை அடுத்த பில்லில் கழித்தார்கள். பணம் கொஞ்சம்தான். ஆனால் யாரும் வராத வீட்டில் வேலை முடிந்தது என்று எழுதினார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் காலத்தில் சந்தாதாரரிடம் பேசி, டயல் டோன் வந்துவிட்டது என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் பதிவேட்டில் கோடு கிழிப்போம்.

மேல்முறையீடு என்பது பலருக்குத் தெரியாத வழி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிப்படி, இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்தில் புகார் மையத்துக்கு மேலே ஒரு மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். முதல் புகாருக்குச் சரியான பதில் இல்லையென்றால் 30 நாளுக்குள் அவருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், உங்கள் மகன் அங்கிருந்தே எடுத்து மெயில் அனுப்பலாம். கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். முதல் புகாரின் எண் இல்லாமல் எழுதினால் அது நகராது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் ஏணியோடு ஒரு பையன் வருவான். அவன் மேல் கோபப்படாதீர்கள். ஒரு நாளில் ஐந்தாறு ஊர் சுற்றி, வெயிலில் கம்பம் ஏறி, முடி கனமுள்ள இழையை ஒட்டுகிறவன் அவன். உங்கள் புகாரை மூடியவர் வேறு யாரோ. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், போகும்முன் பேத்தியை ஒரு தடவை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேபிளுக்கு மாதம் 300 ரூபாய் வாங்குகிறார்கள். என் மாமியார் பார்ப்பது நாலு சேனல். எதற்கு எவ்வளவு என்று கேட்டால் ‘பேக்கேஜ்மா’ என்கிறார் கேபிள்காரர். (வாசகி, பாபநாசம்)

பதில்: பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வேண்டிய சேனலைத் தனித்தனியாக எடுக்கும் உரிமை 2019 பிப்ரவரியிலிருந்து நமக்கு இருக்கிறது. பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, வயரும் சிக்னலும் வீடு வரைக்கும் வருவதற்கான இணைப்புக் கட்டணம். முதலில் இது 100 சேனலுக்கு 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. 2020-இல் அதே 130-க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். 2024-இல் உச்சவரம்பையே ஆணையம் எடுத்துவிட்டது, இப்போது தொகையை நிறுவனமே முடிவு செய்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு கேபிள்காரர் இருக்கும் தெருவில் விலையைக் கட்டுப்படுத்தப் போட்டி ஏது?

இரண்டாவது பகுதி, கட்டணச் சேனல்களின் விலை. உங்கள் மாமியார் பார்க்கும் நாலின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ‘இணைப்புக் கட்டணம் எவ்வளவு, இந்த நாலுக்கும் தனித்தனியாக எவ்வளவு, எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். கூட்டிப் பாருங்கள். சில சமயம் பேக்கேஜே மலிவாக இருக்கும், அப்படியானால் அதையே வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் ரசீது மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு ஓடிடியில் ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று விளம்பரம் வந்தது. மேட்ச் பார்க்கப் போட்டேன், முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டேன். அப்புறம் மூன்று மாதமாகக் கணக்கிலிருந்து பணம் போகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தம்பி, ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. அந்த ஒரு ரூபாய் கட்டும்போதே ‘இனி மாதாமாதம் எடுத்துக்கொள்’ என்று அனுமதி கொடுத்துவிட்டீர்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போங்கள். நீங்கள் அனுமதி கொடுத்த எல்லாமே அங்கே வரிசையாக இருக்கும். அதை ரத்து செய்து, உங்கள் பின் நம்பரைப் போட்டால் இனிமேல் பணம் போகாது. கார்டு என்றால் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ தேடுங்கள். பிறகு மறக்காமல் ஓடிடி கணக்குக்குள் போய் அங்கும் ரத்து செய்யுங்கள்.

இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபரிலிருந்து கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. உங்கள் எஸ்எம்எஸ், மெயில் எல்லாவற்றையும் தேடுங்கள். தகவல் வரவே இல்லையென்றால் வங்கிக்கு எழுத அதுவே போதுமான காரணம். சேருவது ஒரே தட்டில், வெளியே வரப் பத்து பக்கம் தேட வேண்டும் என்று வைத்திருப்பதற்குச் ‘சந்தாப் பொறி’ என்று பெயர். மத்திய அரசு 2023 நவம்பரில் தடைசெய்த 13 ஏமாற்று முறைகளில் அதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து இந்தச் சொல்லையே சொல்லிப் புகார் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம். எண் தருவார்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் என்று விற்றுவிட்டு 12 தான் தருகிறார்கள். (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: எதில் பார்த்தீர்கள், சார்? படத்தை டவுன்லோடு செய்யும்போது திரையில் தெரியும் எண் என்றால் அது மெகாபைட்டாக இருக்கலாம். எம்பிபிஎஸ் என்பதோ மெகாபிட் கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 100-ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, உங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது. வேகம் பார்க்கும் ஆப்பிலேயே 12 என்று வந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மறுபடி பாருங்கள். நம் பழைய வீடுகளில் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடுவே மூன்று நான்கு தடித்த சுவர். பெட்டியைக் கூடத்தில், ஆள் உயரத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: போன், நெட் விஷயமெல்லாம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: அப்படிச் சொல்லித்தான் பல காலம் திருப்பி அனுப்பினார்கள். போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்குத் திருவாரூர். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: நெட்டை நிறுத்தி, பெட்டியையும் வந்தவரிடம் கொடுத்துவிட்டோம். இப்போது பெட்டி வரவில்லை, 2,500 ரூபாய் கட்டு என்கிறார்கள். (வாசகி, வலங்கைமான்)

பதில்: வாங்கிப் போனவர் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா? இல்லையென்றால் அன்றைக்கு அவர் உங்களுக்குப் பண்ணிய போன் கால், வாட்ஸ்அப், எது இருந்தாலும் தேடி எடுங்கள். அந்தத் தேதியையும் நேரத்தையும் போட்டு நிறுவனத்துக்கு இன்றே மெயில் அனுப்புங்கள், பணம் கட்ட வேண்டாம். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், புகார் எண்ணோடு.