கதைக்குப் படம் போட மேற்படிப்பு: வாசகர் கேள்விகள்

பி.எஃப்.ஏ. (இளநிலை நுண்கலை) முடித்திருக்கிறேன். சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுவதை முதுநிலையில் படிக்க ஆசை. ‘இல்லஸ்ட்ரேஷன்’ என்ற பெயரில் இங்கே படிப்பே கண்ணில் படவில்லையே?
– வாசகி, கும்பகோணம்

அந்தப் பெயரில் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். நம் அரசு நிறுவனங்களில் அது வேறு பெயர்களுக்குள் இருக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில் கம்யூனிகேஷன் டிசைன், அகமதாபாத் என்.ஐ.டி.யில் (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்) கிராஃபிக் டிசைன், 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன். பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இறுதி ஆண்டுப் புராஜெக்டாக ஒரு படப் புத்தகம் செய்ய விடுவார்களா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐ.டி.சி.க்கு ‘சீட்’ (CEED) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொத்தம் 3 மணி நேரம். முதல் 1 மணி நேரம் கணினியில், அடுத்த 2 மணி நேரம் கையால் வரைவது. தரவரிசையில் வரையும் பகுதிக்குத்தான் எடை அதிகம். ஆனால் முதல் பகுதியில் கட்-ஆஃப் தாண்டாதவர்களின் ஓவியத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கை நன்றாக ஓடுகிற பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். என்.ஐ.டி.க்கு ‘டாட்’ (DAT) என்ற தனித் தேர்வு இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 40 ஓவியங்கள் அனுப்பினேன். பெரும்பாலும் முக ஓவியங்கள், கோயில் சிற்பங்கள். எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே தவறினேன்?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் கைத்திறனில் குறை இருக்க வாய்ப்பில்லை. 40 படங்களும் 40 தனிப் படங்களாக இருந்ததுதான் குறை. ஒரே ஆளை, ஒரே கதையை, பல பக்கங்களுக்கு உங்களால் கொண்டுபோக முடியுமா என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கிறது. படங்களை 15 முதல் 20க்குள் சுருக்குங்கள். அதில் பாதியாவது ஒரே கதையின் தொடர் பக்கங்களாக இருக்கட்டும்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். படப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் அளவும் அதுதான். முதல் மூன்று பக்கங்கள் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போய்விடும். 4ஆம் பக்கத்திலிருந்து 31 வரை, இரண்டிரண்டு பக்கமாக 14 விரிப்புகள் கதைக்குக் கிடைக்கும்.

காக்கை இடமிருந்து வலமாகப் பறக்கட்டும், கண்ணும் அந்தப் பக்கமே ஓடும். அது ‘கா’ என்று வாய் திறப்பதை வலப்பக்க ஓரத்தில் நிறுத்துங்கள். வடை விழுவது தாளைத் திருப்பிய பிறகுதான் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே விரிப்பில் போட்டுவிட்டால் குழந்தைக்குத் திருப்புவதற்கு என்ன இருக்கிறது? பாட்டியின் முகத்தை நடு மடிப்பில் வைக்காதீர்கள், மூக்கு தையலுக்குள் போய்விடும். விளிம்புவரை வண்ணம் போகிற பக்கங்களில் நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாகத் தீட்டுங்கள், அச்சிட்ட பிறகு ஓரம் வெட்டும்போது அது போய்விடும்.

அதிகம் பார்க்கிற இன்னொரு பிழை: முதல் பக்கத்தில் ஒட்டிய கன்னத்தோடு இருந்த பாட்டி ஐந்தாம் பக்கத்தில் உப்பிவிடுவாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் வெவ்வேறு புகைப்படத்தைப் பார்த்து வரைவதால் வருவது இது. தொடங்கும் முன்பே அவள் குந்தி உட்கார்வதை, அடுப்பு ஊதுவதை, முதுகு காட்டி நிற்பதை இருபது முறையாவது வரைந்துவிடுங்கள். களிமண்ணில் தலையைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வரைவது இன்னும் நல்லது.

ஸ்கெட்ச் புத்தகத்தின் நாலைந்து பக்கங்களையும் அப்படியே சேருங்கள். பேருந்து நிலையத்தில் அவசரமாகக் கிறுக்கியது, பாதியில் விட்டது எதையும் அழகுபடுத்த வேண்டாம். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள், எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

வாட்டர்கலர் படங்களை ஸ்கேன் செய்தால் மெல்லிய நிறங்கள் காணாமல் போகின்றன. ஏன்?
– வாசகி, சேலம்

ஸ்கேனரின் ‘ஆட்டோ’ திருத்தம் வெளிர் நிறத்தைத் தாளின் வெண்மை என்று எண்ணி வெளுத்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டு 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) டிஃப் கோப்பாக எடுங்கள். பிறகு அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுத் திருத்துங்கள். நெளிந்த தாள் கண்ணாடியில் படியாமல் சாம்பல் நிழல் விழும், தடித்த 300 ஜி.எஸ்.எம். தாள் அவ்வளவாக நெளியாது. விண்ணப்பத்துக்கான பி.டி.எஃப்.புக்கு 150 டி.பி.ஐ. போதும்.

பிரிட்டனா, அமெரிக்காவா?
– வாசகர், கோவை

பிரிட்டனில் முழுநேர எம்.ஏ. பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. (முதுநிலை நுண்கலை) பெரும்பாலும் இரண்டாண்டு. சிறுவர் புத்தகம்தான் என்று உறுதியாக இருந்தால், கேம்பிரிட்ஜிலுள்ள ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே எம்.ஏ. இருக்கிறது. நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் இல்லஸ்ட்ரேஷனுக்கு எம்.எஃப்.ஏ. உண்டு. செலவு ஒருபுறம் இருக்கட்டும், ஓராண்டு என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். என்ன புத்தகம் செய்யப்போகிறோம் என்று தெரிந்து போகிறவர்களுக்கே அது பொருந்தும். இன்னும் தேடிக்கொண்டிருந்தால் இரண்டாண்டுப் படிப்பு நல்லது, அல்லது இங்கேயே ஓராண்டு பதிப்பகங்களுக்குப் படம் போட்டுவிட்டுப் போகலாம்.

ஐபேட் இல்லாமல் சேர முடியாதா?
– வாசகி, மதுரை

தாராளமாகச் சேரலாம். அந்தப் பணத்தில் முதலில் ஒரு நல்ல ஏ4 ஸ்கேனரும் தாளும் வாங்குங்கள்.