மூக்கு அறுவைக்குப் பின் ஐந்து வாரம்: நுனி வீக்கம் ஏன் இன்னும் வடியவில்லை?

திருமங்கலம் பக்கத்திலிருந்து 26 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சின்ன வயதில் திண்ணையிலிருந்து விழுந்ததில் மூக்கு கோணிவிட்டது. ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு. வைகாசியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கோணலையும் அடைப்பையும் சேர்த்தே சரிசெய்தார்கள். ஐந்து வாரம் ஆகிறது. தண்டு நேராகிவிட்டது. ஆனால் நுனி மட்டும் உருண்டையாக, கல் மாதிரி இருக்கிறது. காலையில் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. வலது துவாரம் தூக்கினாற்போல இருக்கிறது. ராத்திரியில் மூக்கு அடைக்கிறது. அப்பத்தா ஆவி பிடி, ஒத்தடம் கொடு என்கிறார். ஆவணி கடைசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். அதற்குள் சரியாகுமா? மூக்குத்தி எப்போது போடலாம்?"

நீங்கள் எழுதியிருப்பதில் பயப்படும்படியான சங்கதி எதுவும் இல்லை. ஐந்தாவது வாரத்தில் நுனி வீங்கியே இல்லை என்று எழுதியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஏன் நுனி மட்டும் அடம்பிடிக்கிறது என்பதற்கு நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் வடிவத்தை மாற்ற வேண்டுமானால் தோலை எலும்பிலிருந்தும் குருத்தெலும்பிலிருந்தும் பிரித்துத் தூக்க வேண்டும். பலருக்கு இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் உள்ள சதைத் தூணில் சின்னதாக ஒரு வெட்டும் உண்டு. அப்போது நுண்ணிய ரத்தக் குழாய்களோடு நிணநீர் வாய்க்கால்களும் அறுபடுகின்றன. ஊறும் நீரை வெளியே எடுத்துப்போவது அந்த வாய்க்கால்கள்தான். அவை மறுபடி உருவாக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நீர் பள்ளத்தைத் தேடித்தானே போகும்? கண்மாயில் கடைசியாக வற்றுவது ஆழமான இடம். மூக்கில் அது நுனி. போதாததற்கு நம்மவர்களில் பலருக்கு நுனித் தோல் தடிப்பு, எண்ணெய்ப் பசையும் அதிகம். தடித்த தோல் வீக்கத்தை லேசில் விடாது.

கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது இரண்டு வாரத்தில் மறைந்திருக்கும். மேல் தண்டின் வீக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் இறங்கிவிடும். நுனி அமைய ஒரு வருடம் ஆகும், தடித்த தோலுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நுனி கல் மாதிரி இருப்பதும், தொட்டால் மரத்திருப்பதும், சிரிக்கும்போது மேலுதடு இழுப்பதும் இதோடு சேர்ந்தவைதான். மெதுவாக விட்டுப்போகும்.

காலையில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததில் முகத்தில் நீர் தங்குகிறது, எழுந்து நடமாடியதும் இறங்குகிறது. காலையில் கூடி மதியத்துக்குள் குறைந்தால் அது வெறும் நீர் வீக்கம். இன்னும் சில வாரம் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். ஒருச்சாய்ந்து படுக்கும் பழக்கம் இருந்தால் வலது துவாரத்தின் கதைக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதும் இல்லை. இப்போது தெரியும் ஏற்ற இறக்கத்தை வைத்து அறுவை சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. திருத்த அறுவை தேவையா என்ற பேச்சையே ஒரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் எடுப்பதில்லை.

அதுவரை செல்போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தினமும் இருபது படம் எடுத்து, பெரிதாக்கி, கோடு போட்டுக் காட்டுகிறவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். முகத்துக்கு 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி உள்ளதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மாதம் ஒரு படம் போதும். அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஐந்தடி தள்ளி நின்று வேறு யாராவது எடுக்கட்டும்.

இனி அப்பத்தா வைத்தியம். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கை நீவிவிடுகிற கைகள் சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை, அறுவை முடிந்து இரண்டாவது மாதத்தில் இருந்த ஒரு பெண்ணை அவர் அம்மா கூட்டிவந்திருந்தார். "தினமும் இப்படித்தான் டாக்டர் நீவி விடுறேன்" என்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நுனியைப் பிடித்து என் கண் முன்னாலேயே இழுத்துக் காட்டினார். விட்டதும் நுனி குங்குமமாகச் சிவந்தது. வீக்கம் குறையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எலும்பு இறுக ஆறு வாரமாவது ஆகும். அதற்குள் அழுத்தினால் நகரவும் வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அறுவை செய்தவர் 'இந்த இடத்தை, இப்படி' என்று காட்டிக்கொடுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

சூடான ஒத்தடமும் நொச்சி இலை ஆவியும் வேண்டாம். சூடு பட்டால் ரத்தக் குழாய் விரியும், வீக்கம் ஏறும், சில சமயம் ரத்தமும் கசியும். ஐஸ் ஒத்தடத்துக்கு முதல் இரண்டு நாளில்தான் வேலை, அதுவும் கன்னத்தில், கண்ணோரத்தில். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ராத்திரி அடைப்பு உள்சவ்வின் வீக்கத்தால் வருவது. சலைன் ஸ்பிரே வாங்கி, படுக்கும் முன் இரண்டு பக்கமும் அடியுங்கள். மெடிக்கலில் கேட்டால் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை எடுத்து நீட்டுவார்கள். அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்து நின்றதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நுனிக்குச் சற்று மேலே வீக்கம் பிடிவாதமாக நின்றால் உங்கள் மருத்துவரே ராத்திரியில் டேப் ஒட்டச் சொல்வார், இல்லை துளியளவு ஸ்டீராய்டு ஊசி போடுவார். அளவு மீறினால் தோல் மெலிந்து குழி விழும் என்பதால் அவசரப்பட்டுக் கேட்டு வாங்க வேண்டிய ஊசி அல்ல அது.

சாப்பாட்டில் பத்தியம் என்று முட்டை, மீன், கத்தரிக்காயை நிறுத்தியிருப்பார்கள், 'சீழ் பிடிக்கும்' என்று. அப்படி எதுவும் இல்லை, புண் ஆறப் புரதம் வேண்டும். குறைக்க வேண்டியது உப்பைத்தான். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும், கூடவே ஊறுகாயும் அப்பளமும் என்றால் காலையில் முகமே சொல்லிவிடும். ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம்.

அப்புறம் வெயில். தழும்பில் வெயில் பட்டால் கறுத்துப்போகும். வெளியே போகும்போது சன்ஸ்கிரீன், குடை. மூக்கில் உரசுகிற ஹெல்மெட் வேண்டாம், ஹெல்மெட் இல்லாமல் வண்டியும் வேண்டாம், அதாவது இப்போதைக்குப் பஸ்ஸில் போங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீக்கம் எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். குறைந்துகொண்டு வந்தது திடீரென்று ஏறினால், ஒரு பக்கம் மட்டும் சிவந்து சுட்டு வலித்தால், காய்ச்சல், நாற்றம், சீழ் வந்தால், குனியும்போது தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால், ரத்தம் நிற்காமல் வந்தால் காத்திருக்கக் கூடாது. மூக்கில் அடிபட்டு, இரண்டு பக்கமும் முழுசாக அடைத்து, வலியும் கூடிக்கொண்டே போனால் அது இன்னும் அவசரம். இரண்டு துவாரங்களையும் பிரிக்கிற நடுத்தண்டில் ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது, மேல் சவ்வை நம்பித்தான் பிழைக்கிறது. நடுவில் ரத்தம் தேங்கினால் சில நாளிலேயே அது அழிந்து மூக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். நடுராத்திரி என்றாலும் அறுவை செய்துகொண்ட மருத்துவமனைக்கோ, கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். ஆவணி கடைசி என்றால் மூன்று மாதம் தாண்டியிருக்கும். வீக்கத்தில் பெரும்பகுதி போயிருக்கும். மிச்சம் இருப்பது உங்களுக்குத் தெரியும், பந்தியில் எதிரே உட்காருகிறவருக்குத் தெரியாது. மூக்கு விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்தான். திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து சனங்களின் மூக்கை அறுத்தது, பழிவாங்கப் போன நம் படை அங்கே போய் அதையே செய்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். ஆனால் கல்யாண வீட்டில் யாராவது 'மூக்கு என்ன இப்படி இருக்கு' என்று கேட்டால் 'இன்னும் வடியுது சித்தி' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

மூக்குத்தியை இரண்டு மாதம் முடியும்வரை தொட வேண்டாம். மரத்த தோலில் திருகாணியை முறுக்கினால் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. ஓட்டை வழியாகக் கிருமியும் போகும். ஒட்டுகிற, கவ்விப் பிடிக்கிற மூக்குத்திகளும் நெருக்கத்தான் செய்யும். துளை தூர்ந்துபோயிருந்தால் கல்யாணத்துக்காகப் புதிதாகக் குத்திக்கொள்ளாதீர்கள், ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது பழைய மூக்குத்தியை ஒரு பொட்டலத்தில் கட்டி எடுத்துப்போங்கள். துளையையும் தோலையும் பார்த்து, போடலாமா இல்லையா என்று உங்கள் மருத்துவர் அங்கேயே சொல்லிவிடுவார்.