மாலை வானில் நான் கண்டது வால்மீனா?

கேள்வி: சூரியன் மறைந்த சில நிமிடங்களில் மேற்கு வானில் செம்மஞ்சள் நிறக் கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்து மங்கிவிட்டது. வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று செய்திகளில் சொல்லப்பட்ட வால்மீன் அதுதானா?

பதில்: இல்லை, அது ஜெட் விமானம் விட்டுச்சென்ற தடமாகவே இருக்கும். தரையில் இருள் கவிந்த பிறகும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருப்பதால் அந்தத் தடம் தீக்கோடு போல ஒளிர்கிறது. வால்மீனோ கண்ணெதிரே ஓடுவதில்லை. விண்மீன்களோடு சேர்ந்து மெல்ல அடிவானில் இறங்கும், அவற்றினிடையே அது இடம் மாறியிருப்பதை மறுநாள்தான் உணர முடியும்.

வாலின் திசையும் அடையாளம் காட்டிவிடும். சூரிய ஒளியின் அழுத்தம் தூசியையும், சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்று வாயுவையும் தள்ளிக்கொண்டு போவதால், வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது; ஆகவே மாலையில் தலை அடிவானை ஒட்டியும் வால் மேல்நோக்கியும் இருக்கும். 2024 அக்டோபரில் மாலை வானை அலங்கரித்த சூச்சின்ஷான்–அட்லஸ் என்ற வால்மீன், சூரியனை நோக்கியும் மெல்லிய வால் ஒன்றைக் காட்டிப் பலரைத் திகைக்க வைத்தது. அது சூரியனைச் சுற்றும் பாதை அமைந்த தளத்தைப் பூமி கடந்தபோது, பாதையில் சிதறிக் கிடந்த தூசிப் பரப்பு பக்கவாட்டில் கோடாகத் தெரிந்ததே காரணம்.

செய்திகளில் வரும் பிரகாச எண்ணை அப்படியே நம்பி ஏமாற வேண்டாம். வால்மீனின் ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டு சொல்லப்படும் எண் அது; உண்மையில் அந்த ஒளி பரந்து கிடப்பதால், அதே எண்ணுள்ள விண்மீனைவிட வால்மீன் மங்கலாகவே தோன்றும். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் நின்று, 7×50 அல்லது 10×50 (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) இருகண்நோக்கியால் மேற்கு அடிவானை மெதுவாகத் துழாவுங்கள். சூரியன் முழுவதும் மறையுமுன் அந்தப் பக்கம் கருவியைத் திருப்பினால் கண் பழுதாகிவிடும். இடம் பிடிபட்டதும் கருவியை இறக்கிவிட்டு, சற்றே பக்கத்தில் பார்வையைச் செலுத்துங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை என்பதால், நேராகப் பார்க்கும்போது மறையும் வால் அப்போது தென்படும்.

1996–97இல் ஹேல்–பாப் வால்மீன் ஏறத்தாழ 18 மாதங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது அபூர்வம். பெரும்பாலான வால்மீன்கள் சில வாரங்களிலேயே மங்கிவிடுவதால், மேகமில்லாத அடுத்த மாலையிலேயே தேடிவிடுங்கள்.