மேட் எஃகுக் கரண்டியில் பழுப்புப் புள்ளி: என்ன செய்யலாம்?

டென்மார்க்கில் ஓடென்ஸ் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “பழைய பொருள் சந்தையில், டேனிஷ் வடிவமைப்பாளர் கய் பொயெசனின் ‘கிராண்ட் பிரி’ பரிமாறும் கரண்டிகள் இரண்டு வாங்கினேன். மங்கலான மேட் பூச்சு. இப்போது பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. போலியா? பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?”

பாலிஷ் மட்டும் வேண்டாம். அதன் விளைவை வீட்டில் சரிசெய்யவே முடியாது. மேட் என்பது பூச்சு அல்ல. எஃகின் மேற்பரப்பிலேயே மிக நுண்ணிய கோடுகள் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த அமைதியான சாம்பல் நிறம். பாலிஷ் போட்டால் அந்தக் கோடுகள் தேய்ந்து, அங்கங்கே பளபளப்பான திட்டுகள் விழும். கம்பி நாரோ தாறுமாறாகக் கீறிவிடும். வருடக்கணக்கான புழக்கத்தில் தானாக வரும் இலேசான மினுமினுப்பு வேறு விஷயம், அது அழகுதான்.

புள்ளி வந்ததால் போலி ஆகிவிடாது. பொயெசன் வெள்ளி வேலை பழகியவர். இந்த வடிவத்தையும் 1938இல் முதலில் வெள்ளியில்தான் செய்தார். 1951இல் மிலான் கண்காட்சியில் பெரும்பரிசு, அதாவது ‘கிராண்ட் பிரி’, வாங்கியதால் இந்தப் பெயர். அசல் எஃகிலும் கறை படியும். இத்தகைய எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியம் உண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி, துருவைத் தடுக்கிறது. அந்தப் படலத்தின் பெரிய எதிரி உப்பு. புளிக்குழம்பிலோ ஊறுகாயிலோ கரண்டியை இரவு முழுக்க விட்டால் படலம் அங்கங்கே உடையும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் துருப்பிடித்த பழைய கத்தி ஏதாவது கூடக் கிடந்தாலும், அதன் துரு இதில் வந்து ஒட்டும். உங்கள் புள்ளிகள் பெரும்பாலும் அப்படி ஒட்டியவையாகத்தான் இருக்கும்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மென்மையான துணியால் கோடுகள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தண்ணீரின் சுண்ணாம்பு. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போதும். எதுவானாலும் உடனே அலசி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டினால் உப்பு எஃகையே அரித்திருக்கிறது. அது தேய்த்துப் போகாது. சாப்பாடு பரிமாற அதனால் தடையில்லை, பயன்படுத்துங்கள்.