பெயர்ப் பலகைக்கு முன்னால் சமையலறை

வாசகர் கேள்வி – பதில்

சடங்கு வீடு, கல்யாண வீடு, கோயில் அன்னதானம் என்று சமைத்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் இலங்கை மலையக வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருக்கிறோம். பெண்கள் நாலு பேர் சேர்ந்து விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். போன மாதம் ஒரு பாடசாலை விழாவுக்கு 250 சாப்பாடு கேட்டார்கள். "பதிவு இருக்கா? பில் தருவீங்களா?" என்றதும் கை நழுவிப் போய்விட்டது. எதை முதலில் எடுக்க வேண்டும்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: பெரும்பாலானோர் முதலில் பெயரைப் பதிந்து, பில் புத்தகம் அடித்து, பலகையும் எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து "இந்த இடத்தில் சமைக்க முடியாது" என்கிறார். இடம் மாறினால் விலாசம் மாறும், விலாசம் மாறினால் பெயர்ப் பதிவையும் திருத்த வேண்டும். ஆகவே இடம் முதலில். மற்றக் காகிதங்கள் அதன் பின்னால் வரட்டும்.

லயம் உங்கள் பெயரில் இல்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. அதனால் தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். "இவர் இத்தோட்டத்தில் வசிக்கிறார்" என்ற வழக்கமான கடிதத்தை வாங்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், டிவிசன், லயத்தின் இலக்கம், காம்பராவின் (அறையின்) இலக்கம், "உணவு தயாரிக்கும் தொழிலுக்கு இந்த இடத்தைப் பயன்படுத்துவதில் ஆட்சேபணை இல்லை" என்ற வரி, திகதி, முத்திரை என்று அனைத்தும் அதில் இருக்க வேண்டும். துரை, அதாவது முகாமையாளர், வாயால் "செய்ங்க, பரவாயில்ல" என்பது அவர் மாற்றலாகிப் போகும் வரைக்கும்தான் செல்லும். கடிதம் கிடைக்கவில்லையா? நால்வரில் யாருக்காவது ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடும் அதற்கான உறுதிப் பத்திரமும் கிடைத்திருந்தால் அந்த விலாசத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கடைத்தெருவில் ஒரு அறையை எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தத்தோடு எடுப்பதுதான் வழி.

இடம் உறுதியானதும், ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, அதாவது எம்.ஓ.எச். ஒபிசுக்குப் போய் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யை வந்து பார்க்கச் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உங்களைப் பரிசோதிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. உணவு தயாரிக்கும் இடங்களைப் பதிவு செய்வதற்கான ஒழுங்குவிதிகள் 2019இல் வந்தன. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கும் கடிதம் இந்தப் பதிவுக்கு ஈடாகாது. அவர் எச்-800 என்ற படிவத்தை வைத்துப் புள்ளியிட்டு ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்.

லயத்து அடுப்படிகள் பரிசோதனையில் தவறிப்போவது பெரும்பாலும் கூரையால்தான். தகரக் கூரை, கீழே விறகடுப்பு. பல வருடத்துப் புகைக்கரி தகரத்தில் ஒட்டியிருக்கும். குளிர்ந்த விடியற்காலையில் கிடாரத்திலிருந்து ஏறும் ஆவி சில்லென்ற தகரத்தில் பட்டு நீராகி, கரியையும் கரைத்துக்கொண்டு சோற்றிலேயே சொட்டும். எனவே கழுவக்கூடிய சீலிங் அவசியம். புகை போக வழியும் வேண்டும். அடுத்தது, இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) சமைத்து உள்ளே படுப்பது ஆகாது. சமைக்கும் இடமும் குடியிருக்கும் இடமும் பிரிந்திருக்க வேண்டும், கக்கூஸ் கதவு சமையலறைக்குள் திறக்கக்கூடாது. தரை சீமெந்து, சுவர் கழுவத்தக்கது, யன்னலுக்கு வலை, கை கழுவ மட்டும் ஒரு தனிக் குழாயும் சவர்க்காரமும், அரிசி மூட்டைகள் தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில், பச்சை இறைச்சிக்கு வேறு பலகை வேறு கத்தி. கழுவிய எண்ணெய்த் தண்ணீரை அப்படியே வடிகானுக்குள் விடாதீர்கள். கீழ் லயத்துக்காரரின் தண்ணீர்ப் பீலி பெரும்பாலும் அந்தக் கானுக்குக் கீழேதான் இருக்கும், புகாரும் அங்கிருந்துதான் வரும். எண்ணெய் மேலே மிதந்து தங்கிவிடுகிற மாதிரி ஒரு தொட்டி கட்டி, வாரம் ஒருமுறை வழித்து எடுங்கள்.

இனி வியாபாரப் பெயர்ப் பதிவு. விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதிகள், இடத்துக்கான உறுதி அல்லது ஒப்பந்தம் அல்லது மேலே சொன்ன சம்மதக் கடிதம் ஆகியவை வேண்டும். உணவுத் தொழில் என்பதால் பி.எச்.ஐ. அறிக்கையையும் கேட்கக்கூடும், கையோடு கொண்டுபோங்கள். ஒருவர் தன் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் இந்தப் பதிவு தேவையில்லை. நீங்களோ நாலு பேர், அது பங்குடைமை. நால்வரும் கையெழுத்திட வேண்டும். மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேல் போனால் பங்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு கிடாரமும் ஒரு காஸ் அடுப்பும் வாங்கினாலே அந்தத் தொகை எப்போதோ தாண்டிவிடும். கிடாரம் யாருடையது, ஒருவர் விலகினால் அவருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சிநேகிதிகளுக்குள் எதற்கு எழுத்து என்று விட்டவர்களின் கடிதங்களும் எங்களுக்கு வருகின்றன.

கடைசியில் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம். நகரத்தில் என்றால் நகர சபை, நுவரெலியா, பதுளை போன்ற இடங்களில் மாநகர சபை. கட்டணம் நீங்கள் சம்பாதிப்பதைப் பொறுத்ததல்ல, கட்டடத்தின் ஆண்டு மதிப்பைப் பொறுத்தது. எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும். நவம்பரில் எடுப்பவர் இரண்டே மாதத்தில் மறுபடியும் கட்ட வேண்டிவரும்.

எந்தச் சபை என்பதில் கவனம். 2018இல் அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என மூன்றானது. நுவரெலியா பிரதேச சபையும் நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என மூன்றானது. வீட்டிலிருக்கும் பழைய பற்றுச்சீட்டைப் பார்த்துப் போனால் அலைச்சல்தான். பிரதேச செயலகத்தின் எல்லை வேறு, பிரதேச சபையின் எல்லை வேறு. இரண்டையும் கிராம உத்தியோகத்தரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் சபைத் தண்ணீர் கிடையாது. மலையிலிருந்து குழாய் போட்டு எடுக்கும் பீலித் தண்ணிதான். கண்ணாடி மாதிரி இருக்கும். இதை வைத்துப் பதிவு எடுக்க முடியுமா?
– வாசகர், அக்கரப்பத்தனை

பதில்: எடுக்கலாம். ஆனால் கண்ணாடி மாதிரி இருப்பது ஒன்றுக்கும் சாட்சியல்ல. ஊற்றுக்கு மேலே லயமோ மாட்டுப்பட்டியோ இருந்தால் தெளிந்த தண்ணீரிலும் மலக்கிருமி இருக்கும். 100 மில்லிலீற்றரில் ஈ-கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. பரிசோதனை பற்றி பி.எச்.ஐ.யிடமே கேளுங்கள். மாதிரியைப் பழைய சோடாப் போத்தலில் எடுத்துப்போனால் போத்தலின் அழுக்கைத்தான் பரிசோதிப்பார்கள். கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். மேலே தேயிலை மலைக்கு உரம் போடுகிறார்கள் என்றால் நைத்திரேற்றுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊற்றில் நேரே குழாய் செருகாமல் மூடிய தொட்டி ஒன்றில் சேர்த்துக் குளோரின் இடுங்கள். 1,000 லீற்றருக்கு, 30 சதவீத வலுவுள்ள வெளிற்றும் தூள் சுமார் 7 கிராம் போதும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்பது அதன் கணக்கு. தூளை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணித்தியாலம் கழித்துக் குழாயில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிச்சம் காட்ட வேண்டும். காட்டவில்லையானால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் வாய் திறந்து கிடந்த தூளில் வலு இருக்காது. அல்லது மழைக்குப் பின் வந்த கலங்கல் குளோரினைத் தின்றிருக்கும், அப்போது முதலில் வடிகட்ட வேண்டும்.

கேள்வி: இரவு பத்து மணிக்குச் சமைத்து மறுநாள் மதியம் பரிமாறுகிறோம். எங்கள் ஊர்க் குளிரில் பிரிஜ் எதற்கு என்கிறார் சமையல்காரர். சரிதானா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: தவறு. வெளியேதான் குளிர். நாற்பது லீற்றர் கோழிக்கறி நிறைந்த கிடாரத்தின் நடுவில் கையை விட முடிந்தால் தெரியும், விடியும்போதும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருகுவது 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் நடுவில். கொதியில் சாகாத வித்துகள் சிலவற்றுக்கு உண்டு. சோற்றில் ஒரு வகை, இறைச்சிக் கறியில் இன்னொரு வகை. கறி மெல்ல ஆறும்போதுதான் அவை முளைக்கின்றன. சோற்றில் வருவது விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால்தான் "சூடாக்கித்தானே கொடுத்தோம்" என்ற பதில் நீதவான் முன்னால் நிற்காது.

கறியை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் அகன்ற தட்டுகளில் பிரியுங்கள். தட்டைத் தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் 21 பாகைக்கும், அடுத்த நாலு மணித்தியாலத்தில் 5 பாகைக்கும் இறங்க வேண்டும். இதற்கு வசதி இல்லாதவர் விடியற்காலையில் சமைப்பதே மேல். உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பருப்பும் ஆட்டிறைச்சியும் வேகக் கூடுதல் நேரம் வேண்டும். கொழும்பிலிருந்து வந்த சமையல்காரரின் நேரக்கணக்கு இங்கே பொருந்தாது. குச்சி வெப்பமானி ஒன்று வாங்கிக் கறித்துண்டின் நடுவில் 75 பாகை காட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு விருந்திலும் ஒவ்வொரு கறியிலும் 200 கிராம் எடுத்துத் திகதி எழுதி மூன்று நாள் பிரிஜ்ஜில் வையுங்கள். வயிற்றுப்போக்கு என்று புகார் வந்தால் குற்றம் உங்கள் கறியிலா, மாப்பிள்ளை வீட்டார் வெளியே வாங்கிய ஐஸ்கிரீமிலா என்பதை அந்த டப்பா சொல்லும்.

கேள்வி: நிரந்தர வேலையாள் இல்லை. விசேஷம் வந்தால் மட்டும் பெடியன்களை நாட்கூலிக்கு எடுக்கிறேன். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: கட்ட வேண்டும். ஒரே ஆள் என்றாலும், தற்காலிகம் என்றாலும், முதல் நாளிலிருந்தே. ஒருவருக்கு மாதத்தில் 10 நாள், நாளுக்கு 2,000 ரூபா என்றால் 20,000. அவரது பங்கு 8 சதவீதம், அதாவது 1,600 ரூபா சம்பளத்தில் கழியும். உங்கள் பங்கு 12 சதவீதம், 2,400 ரூபா. ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், 600 ரூபா, அதுவும் உங்களுடையதே. ஆக உங்கள் கையிலிருந்து 3,000. சாப்பாட்டுக்கு விலை சொல்லும்போதே இதைச் சேர்க்காதவர்கள்தான் பிறகு அழுகிறார்கள். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,200 ரூபா. 16 வயதுக்குக் குறைந்தவரை, அவர் விடுமுறையில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளை என்றாலும், வேலைக்கு எடுக்காதீர்கள். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் வைத்தியச் சான்றும் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியும் பற்றி பி.எச்.ஐ. கேட்பார், அட்டைகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

கேள்வி: லஞ்ச் ஷீட்டில் பார்சல் கட்டிக் கொடுத்தோம். பிடித்துவிட்டார்கள். எல்லாக் கடையிலும் விற்கிறதே?
– வாசகி, நாவலப்பிட்டி

பதில்: பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்தே தடை. சந்தையில் கிடைப்பது மக்கும் வகையாக இருக்க வேண்டும், பொதியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோ ஆகியவையும் தடை. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது, பிரம்புத் தட்டுக்குத் திரும்புங்கள். வாழையிலை கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் தண்டம் கட்டுவானேன்?

கேள்வி: பதிவு செய்தால் வரிக்காரர் வந்துவிடுவாரே?
– வாசகர், பதுளை

பதில்: டின், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், எப்படியும் எடுக்க வேண்டியதுதான். அதை எடுத்தவுடன் வரி வந்துவிடாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலிருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். உங்கள் இலாபம் 20 இலட்சம் என்றால் வரி 12,000 ரூபா. இலாபம் என்கிறோம், விற்பனை அல்ல. ஆனால் அரிசி, கோழி, காஸ், வாகனச் செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் விற்பனையை இலாபமாகவே பார்ப்பார்கள். சந்தை மரக்கறிக்குப் பில் தரமாட்டார்கள் என்றால் வவுச்சர் புத்தகம் வைத்து, வாங்கிய பொருள், நிறை, விலை எழுதி, விற்றவரின் கையெழுத்தை வாங்குங்கள். வருடாந்த அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30.

கேள்வி: விருந்தில் சாராயமும் சேர்த்துப் பரிமாறச் சொல்கிறார்கள். பில்லில் போடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: போடாதீர்கள். அதற்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேறு. சபை தந்த பத்திரம் சாப்பாட்டுக்கு மட்டுமே.