வாசகர் கேள்வி – பதில்: அகராதியைப் பாடமாக்கினால் ஆங்கிலம் வருமா?

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். அகராதியிலிருந்து நாள்தோறும் கடினமான ஆங்கிலச் சொற்களை எடுத்து, தமிழ்க் கருத்துடன் கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன். ஒரு கிழமைக்குள் பெரும்பாலானவை மறந்துவிடுகின்றன. நினைவில் நிற்பவற்றைக் கட்டுரையில் எழுதினாலும், பொருந்தவில்லை என்று ஆசிரியர் வெட்டிவிடுகிறார். என்ன செய்யலாம்?
– மாணவி, மாங்குளம்

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை, முறையைத்தான் மாற்ற வேண்டும். அகராதியில் நாளும் பயன்படும் சொல்லும் வாழ்நாளில் எதிர்ப்படாத சொல்லும் அடுத்தடுத்தே நிற்கும். அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் உள்ள 570 சொற்குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து பிறந்த சொற்களின் தொகுதிகள்), பல துறை நூல்களிலும் திரும்பத் திரும்ப வருபவை. முதலில் அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு எதிரே ஒற்றைத் தமிழ்க் கருத்தை மட்டும் எழுதுவதே கட்டுரையில் உங்களைத் தடுமாறச் செய்கிறது. ‘இவாக்குவேட்’ என்பதற்கு ‘வெளியேற்று’ என்று எழுதியிருப்பீர்கள். தமிழில் மக்களைத்தான் வெளியேற்றுவோம். ஆங்கிலத்திலோ மக்களுக்கு மட்டுமன்றி, அவர்கள் விட்டு நீங்கும் கிராமத்துக்கும் அதே வினை வரும். ஆகவே சொல்லை அது வரும் முழு வாக்கியத்தோடு எழுதிவையுங்கள்.

மாரியில் இரணைமடுக்குளம் வான் பாயும் செய்தியைத் தமிழில் வாசித்தபின், அதே செய்தியை நூலகத்திலுள்ள ஆங்கிலப் பத்திரிகையில் தேடி வாசியுங்கள். நடந்தது முன்பே தெரிந்திருப்பதால் புதிய சொல்லின் பொருள் பெரும்பாலும் தானாகவே பிடிபடும். வெள்ளம் மூடுவதைக் குறிக்கும் ‘இனண்டேட்’ அங்கே எதிர்ப்படலாம். அதன் வேர், அலையைக் குறிக்கும் ‘உண்டா’ என்ற இலத்தீன் சொல். நிரம்பி வழியுமளவு மிகுந்ததைச் சொல்லும் ‘அபண்டன்ட்’, தேவைக்கு மேல் மிகையானதைச் சொல்லும் ‘ரிடண்டன்ட்’ ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. உயர்நிலை ஆங்கிலச் சொற்களிற் பெரும்பகுதி இலத்தீன், கிரேக்க வேர்களைக் கொண்டிருப்பதால், வேரறிந்து படிப்பது மிகவும் கைகொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மறதியைப் பற்றி மனம் சோர வேண்டாம். கற்ற உடனேதான் மறதி மிக வேகமாக நிகழ்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டியிருக்கிறார். ஆதலால் நாளுக்கு ஐந்து சொற்களோடு நிறுத்தி, மறுநாளும் மூன்றாம் நாளும் அடுத்த கிழமையும் கருத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுகூருங்கள். வெறுமனே திருப்பி வாசிப்பது போதாது. கிழமைக்கொரு தடவை அச்சொற்களுள் மூன்றையாவது வைத்து உங்கள் ஊரைப் பற்றி ஒரு பந்தி எழுதி, ஆசிரியர் எதையேனும் வெட்டினால், அங்கே எந்தச் சொல் வர வேண்டுமென்று கேட்டு அதையும் கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.